தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறோம்

“...தெரியாமப் பண்றாகளாம்ல, தெரியாம! மதினி, ஒங்க கிரேக்கத் தாத்தாவ ஒரே ஒரு நாளு எங்க ரூமுக்குள்ள வந்து உக்காரச் சொல்லுங்க. மருந்து முன்னால ஒருத்தியாச்சும் தெரியாம உக்காந்துருக்காளான்னு கேட்டுட்டுப் போகட்டும்.”

குருவம்மா இதைச் சொன்னபோது வீட்டு வாசலில் குழாயடியில் குந்தியிருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை தேங்காயெண்ணெய் தேய்த்திருந்தாள். எண்ணெய் பட்டால்தான் அந்த வெள்ளி நிறத் தூள் விட்டுப்போகும். பகலெல்லாம் புஸ்வாணத்துக்கு மருந்து திணிக்கிற கை அது.

நான் கிள்ளானில் பூக்கடை வைத்திருப்பவள். என் தாத்தாவும் குருவம்மாவின் வீட்டுக்காரருடைய தாத்தாவும் உடன்பிறந்தவர்கள். ஒருவர் ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறினார், இன்னொருவர் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் கூலி வேலைக்கு நின்றுவிட்டார். கடைக்கு வருகிறவர்களுக்கு வருஷா வருஷம் நாள்காட்டி கொடுப்பது என் வழக்கம். எங்கள் ஊரில் அச்சடித்துக் கொடுத்தவர் கடையை மூடிவிட்டார். சரி, நாள்காட்டி பிறக்கிற ஊருக்கே போய்விடுவோம் என்று ஆவணி மாதத்தில் கிளம்பி வந்துவிட்டேன்.

அன்று மதியம்தான் விருதுநகரில் இறங்கியிருந்தேன். முதல் வேலையாகப் பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டி சானாய் தட்டில் விழுந்தால் துணி மாதிரி மடங்கும். இங்கே எண்ணெயில் பொரிந்து வந்தது தொட்டாலே நொறுங்கியது. நான் சால்னாவை ஊற்றி ஊற வைத்தேன். பரோட்டா போட்டவர் கல்லுக்குப் பக்கத்திலிருந்தே சத்தம் போட்டார்: “ஏங்க, ஊறப் போட்டா அது என்ன பளைய சோறா? சத்தம் இருக்கப்பவே தின்னுருங்க.” எனக்கு எண்ணெயையும் சீனியையும் டாக்டர் ஒரே மூச்சில் தடுத்திருக்கிறார். நான் சத்தம் இருக்கும்போதே மூன்று தின்றேன்.

அந்தத் தெம்பில் பேருந்து ஏறினால், அது சாத்தூர் பக்கம் திரும்பாமல் கிழக்கே போய் மல்லாங்கிணற்றில் நின்றது. நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “போர்டு பாத்தீகளா?” பார்த்தேன் என்றேன். “படிக்கத் தெரியுமா?” தெரியும் என்றேன். “படிச்சிட்டு ஏறுனீகளா, ஏறிட்டுப் படிச்சீகளா?” உண்மையைச் சொன்னால், சன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. இந்தப் பேருந்து சாத்தூர் வழியாகத்தான் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறிவிட்டேன். திரும்பி வந்து, வண்டி மாறி, குருவம்மா வீட்டைப் பிடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

இந்த இரண்டு கூத்தையும் சொல்லிச் சிரித்ததில்தான் கிரேக்கக் கிழவர் பேச்சுக்குள் வந்தார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பூக் கட்டிக்கொண்டே வானொலியில் கேட்டதும், பழைய கடையில் எடைக்கு வாங்கிப் படித்ததும்தான் என் படிப்பு. ஏதென்ஸ் என்ற ஊரில் செருப்பில்லாமல் சந்தைக்குப் போய், அகப்பட்டவரையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்ட ஒரு கிழவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எது நல்லது என்று உண்மையிலேயே தெரிந்தவன் கெட்டதைச் செய்யமாட்டான், செய்கிறான் என்றால் அவனுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம் என்பார் அவர். ஊர்ச் சட்டம் அவருக்குச் சாவுத் தண்டனை கொடுத்தது. தப்பிக்க வைக்க ஆள் வந்தும், சட்டத்தை மீறமாட்டேன் என்று விஷத்தைக் குடித்துவிட்டார்.

“பிள்ளைக இல்லையாக்கும்?” என்றாள் குருவம்மா.

“மூணு பையன்.”

“பொண்டாட்டி என்ன சொன்னாளாம்?”

“அழுதாளாம். வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்.”

“அதான பாத்தேன். கேள்வி கேக்குற மனுசன் அவகிட்ட ஒரு கேள்வி கேட்டாரா?”

அதற்குப் பிறகுதான் அந்தத் ‘தெரியாமப் பண்றாகளாம்ல’ வந்தது.

கையைக் கழுவியபடியே அவள் விளக்கினாள். மருந்து திணிக்கிற அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். “செவுத்துல பெருசா எளுதியே இருக்கு மதினி. அதுக்கு நேர கீளதான் நான் உக்காந்துருக்கேன், எட்டுப் பேரோட சேந்து.” அறைக்கு இரண்டு வாசல். சீசன் என்றால் பின்வாசலை அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒன்று.

“ஒண்ணு ஆச்சுன்னா?”

“வாசப்பக்கம் இருக்கவ பொளைப்பா.”

அதனால் இவர்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் எழுதி ஒட்டாத சட்டம். வாசலோரத்து இரண்டு இடமும் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு. பிள்ளை வளர வளர ஆள் உள்ளே நகர வேண்டும். குருவம்மாவின் மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். அதனால் அவள் இடம் கடைசிச் சுவரோரம். இந்தச் சட்டத்தைப் போட்டவளும் அவள்தான். எவ்வளவு பெரிய மனசு என்றேன்.

“மனசு கெடக்கு,” என்றாள். “ஒவ்வொரு வருசமும் இந்த சீசனோட விட்டுருவோம்னு சொல்லுவேன். எங்கிட்டாவது வெடிச்சு ஆளு போச்சுன்னு கேட்டா, அன்னைக்கு ராத்திரி சோறு எறங்காது. காலையில வேன் வந்து ஆரன் அடிச்சா, தூக்குச்சட்டிய எடுத்துட்டு மொத ஆளா நிப்பேன். நெறைய ஆளு இருந்தாத்தான் ஆர்டர் முடியும், ஆர்டர் முடிஞ்சாத்தான் தீவாளிக்கு போனஸ். இதுல எது எனக்குத் தெரியாது? ஒங்க தாத்தாவக் கேளுங்க.”

மறுநாள் சிவகாசி. நாள்காட்டி அட்டைக்கு ஒரு முருகனைத் தேர்ந்தெடுக்கவே அரை நாள் ஆனது. அச்சகத்தில் ஆல்பம் ஆல்பமாகப் புரட்டிக் காட்டினார்கள். பத்துமலை முருகன் மாதிரி உயரமாக வேண்டும் என்றேன். ஆர்டர் எடுப்பவர் யோசித்துவிட்டு, “உசரம் வேணும்னா மயிலக் கொறைக்கணும், பரவால்லையா?” என்றார். மயிலைக் குறைத்தோம். எங்கள் பள்ளி விடுமுறைகளையும் சேர்க்கச் சொன்னபோது, “அங்கனயும் லீவு உண்டா?” என்று அவர் ஆச்சரியப்பட்டது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அச்சு இயந்திரத்துக்கு முன்னால் லுங்கியோடு ஒருவர் நின்றிருந்தார். தொங்குகிற துணி சக்கரத்தில் சிக்கும், இயந்திரத்தருகே லுங்கி கூடாது என்று ஒரு பலகையும் இருந்தது. ஆனால் அது இயந்திரத்துக்குப் பின்னால், சுவரைப் பார்த்து மாட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். “முன்னால மாட்டிருந்தோம். நாள் பூரா அதையே பாத்துட்டு நின்னா மனசு உறுத்துதுல்ல?” என்றார். கேலி பேசுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

திரும்பும்போது பேருந்து நிலையச் சுவரில் சுவரொட்டிகள். பட்டாசுத் தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு முகாம். ஒரு பெண் தீயைப் பார்த்துக் கண்ணை விரிக்கிற படம், தீ சுடும் என்று அன்றைக்குத்தான் யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. எனக்குக் கோபம் வந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கிழவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் பேச்சை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஒரு கூட்டம் வண்டி கட்டி வருகிறது. உனக்குத் தெரியவில்லை, அதனால்தான் செத்துப்போகிறாய், நாங்கள் தெரிவிக்கிறோம், மிக்சர் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. பின்வாசலில் கிடக்கிற பெட்டியை எடுத்துவைக்க முகாம் எதற்கு? நாலு கை போதும்.

வழியில் சாத்தூரில் இறங்கிக் கருப்பட்டி மிட்டாய் வாங்கினேன். குருவம்மாவுக்கென்றுதான் வாங்கினேன். வீடு போய்ச் சேரும்போது பொட்டலம் பாதியாகியிருந்தது.

“சுகர்னு சொன்னீகளே மதினி?”

“சுகர்தான்.”

“தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்பறமும்?”

நான் அடுத்த கிரேக்கரைத் துணைக்குக் கூப்பிட்டேன். விஷம் குடித்தவரின் மாணவருக்கு ஒரு மாணவர் இருந்தார். கிழவர் சொன்னது சரியில்லை, தெரிந்தே தப்புச் செய்கிறவனைத் தினமும் பார்க்கிறோமே என்றவர் அவர். ஆனால் ஆசை மேலேறும்போது அந்தத் தெரிதல் தூங்கிப்போகிறது, குடித்தவன் வாய் புத்திமதி சொல்லும், ஆனால் புத்திக்கு அது எட்டியிருக்காது, அந்த மாதிரி என்று விளக்கம் சொன்னார்.

“மிட்டாய் திங்கிறப்ப தூங்கிட்டா இருந்தீக?”

“இல்ல. நல்லா ருசிச்சுத்தான் தின்னேன்.”

“நாங்களும் தூங்கல. மருந்து கையில இருக்கப்ப எவளுக்குத் தூக்கம் வரும்? முளிச்ச கண்ணு முளிச்சபடிதான் உக்காந்துருக்கோம்.”

அதே மனிதர் இன்னொன்றும் சொன்னார் என்றேன். யாரும் நல்லவனாகப் பிறப்பதில்லை. நல்லதைச் செய்து செய்து, அது பழக்கமாகித்தான் நல்லவன் ஆகிறான். சட்டம் போடுகிறவனுக்கு வேலையே ஊருக்கு அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதுதான்.

குருவம்மா ஒரு மிட்டாயை எடுத்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப கெட்டதையும் செஞ்சு செஞ்சு, அத நல்லபடியாச் செய்யப் பளகிறலாம்ல?”

மிச்சப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

மூன்றாம் நாள் இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவருக்குக் குறுக்குப் பாதைமேல் அபார நம்பிக்கை. சீமைக்கருவேலங்காட்டுக்குள் வண்டியை விட்டு, முள்ளில் சக்கரத்தை ஏற்றிவிட்டார். காற்று இறங்கும் சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தோம். மாற்றுச் சக்கரமும் பஞ்சர். “ரெண்டும் ஒரே நேரத்துல பஞ்சராகும்னு யாரு கண்டா?” என்றார். மாற்றுச் சக்கரம் போன மாதமே பஞ்சரானது என்பதையும் அவரேதான் சொன்னார். சக்கரத்தை உருட்டிக்கொண்டு அவர் போய்விட, நான் நிழல் தேடிப் போன இடத்தில் ஒரு கம்பிவேலி வந்தது. அதற்கு அப்பால் வெள்ளையடித்த அறைகள் வரிசையாக, தள்ளித் தள்ளி. ஒரு பட்டாசுக் கம்பெனியின் பின்பக்கம் அது.

திடீரென்று யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்தார்கள். அடுத்த நிமிஷம் வேலியின் பிய்ந்த மூலை வழியாகப் பெண்கள் குனிந்து குனிந்து வெளியே வந்தார்கள். கையில் தூக்குச்சட்டி, கையெல்லாம் வெள்ளி. கடைசியாக வந்தவள் குருவம்மா. என்னைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏ மதினி! இங்கன எப்பிடி வந்தீக? ஒங்களயுமா ஆபீசரு தேடுறாரு?”

சோதனைக்கு ஜீப் வந்திருந்தது. ஜீப் வந்தால் அறைக்கு நாலு பேர் போக மிச்சப் பேர் காட்டுக்குள். யார் உள்ளே இருப்பது, யார் முள்ளுக்குள் குந்துவது என்பதற்குக்கூட இவர்களிடம் முறை உண்டு. இன்றைக்கு இந்த ஐந்து பேர் முறை. குந்திய இடத்திலேயே ஒருத்தி தூக்குச்சட்டியைத் திறந்து எனக்குப் புளிச்சோறு நீட்டினாள். “வெளிநாட்டுக்காரக, காட்டுக்குள்ள விருந்து சாப்பிட்டேன்னு போயிச் சொல்லுங்க,” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் பெயர் செல்வி. வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகிறதாம். மார்ப்பக்கம் சேலை நனைந்திருந்தது. வீட்டில் கைக்குழந்தை.

“யக்கா, இன்னைக்கும் உள்ள செவுத்தோரமாத் தள்ளிட்டாக,” என்றாள் குருவம்மாவிடம். “சின்னப் பிள்ளைக்காரிக்கு வாசப்பக்கம்னு நீங்கதான சொன்னீக?”

வெள்ளத்தாய் என்பவள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். வாசலோரத்து ஓர் இடம் அவளுடையது. “யாரப் பாத்துச் சொல்றா? ஏ புள்ள, எம்பிள்ளைக்கு மூணு வயசு. மூணு வயசுன்னா ஆத்தா வேண்டாமா? அவனே பொங்கித் தின்னுக்குவானா?”

“ஏம்பிள்ள பால்குடி!”

“பால் பவுடரு கடையில விக்கிது. ஆத்தாள எந்தக் கடையில விப்பாக?”

“வாசலுக்கு அந்தப் பக்கத்து ரேவதிக்கு மட்டும்...”

“அவ பிள்ளைக்கு ஒரு வயசு. அவ எந்திரிக்க வேண்டாம். நாந்தான் எந்திரிக்கணுமாக்கும்? எனக்கு ஆம்பள கெடையாதுடி. நான் போனா அவன் நடுத்தெருவு.”

மூன்று பிள்ளைகள், இரண்டு இடங்கள். சண்டை ரகசியக் குரலிலேயே நடந்தது. சத்தம் போட்டால் ஆபீசருக்குக் கேட்கும். கடைசியில் இருவரும் குருவம்மா பக்கம் திரும்பினார்கள். “சட்டம் போட்டவ நீதான், நீயே சொல்லுக்கா,” என்றாள் வெள்ளத்தாய். புளிச்சோறு கொடுத்தவள் சூழ்நிலையை இளக்கப் பார்த்தாள்: “வேணுமின்னா மதினிகிட்ட ஒரு தாத்தா இருக்காராம்ல, அவரக் கேப்போம்.” குருவம்மா வேனில் வரும்போது கதை சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது.

குருவம்மா கருவேலங்குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். செல்வியைப் பார்த்தாள், வெள்ளத்தாயைப் பார்த்தாள்.

“இந்த வாசப்பக்கக் கணக்கு மட்டும் இல்லாட்டி நாம என்னைக்கோ எந்திரிச்சுப் போயிருப்போம்,” என்றாள். “பிள்ளைக்காரி பொளைச்சுக்குவான்னு ஒரு சமாதானம். அந்தச் சமாதானத்துலதான் ஒம்போது பேரு உக்காந்துருக்கோம். தப்ப ரொம்ப அளகாப் பண்ணப் பளகிட்டோம்டி.”

“அதெல்லாம் இருக்கட்டும், இப்ப வாசல விட்டு யாரு உள்ள போறது?” என்றாள் வெள்ளத்தாய்.

“எந்தப் பிள்ள ஆத்தா இல்லாமக் கெடக்கணும்னு நான் தீர்ப்புச் சொல்லணும். அதான?”

கையிலிருந்த குச்சியை ஒடித்துப் போட்டாள்.

“சொல்ல மாட்டேன்,” என்றாள் குருவம்மா.

எழுந்தாள். சேலையில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டாள். வேலி மூலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். வெள்ளத்தாய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “எங்க போற? ஜீப் நிக்குது. கம்பெனிய மூடிப் பூட்டுப் போட்டுட்டா சீசன்ல எங்க போயி நிக்க? ஒம்மகன் திருப்பூருல இருக்கான், எனக்கு யாரு இருக்கா?”

நியாயமான கேள்விதான். குருவம்மாவுக்கும் அது தெரியும். “ஒனக்குச் சோத்துக்கு வளி என்னன்னு எனக்குத் தெரியாது வெள்ளத்தாயி. நாளைக்கி ரெண்டு பேரும் சேந்து தேடுவோம்,” என்று சொல்லி முந்தானையை விடுவித்துக்கொண்டாள்.

சட்டத்தைப் பற்றியும் மன உறுதியைப் பற்றியும் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். கருவேல முள்ளுக்குள் குந்திக்கொண்டு, அவள் போவாளா திரும்புவாளா என்று பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிஷம் அந்த வாசிப்பில் எங்கும் இல்லை. போகட்டும் என்று நினைத்தேன். திரும்பிவிடட்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் நான் முழு விழிப்போடுதான் நினைத்தேன்.

அவர்களுடைய அறை கடைசி வரிசை, வேலிக்குப் பக்கத்திலேயே. வேலி மூலைக்கு நகர்ந்து நின்றதும் எனக்குப் பேச்சும் கேட்டது, உள்ளேயும் தெரிந்தது. ஆபீசர் அதன் வாசலில் நின்று உள்ளே எண்ணி முடித்திருந்தார். பின்வாசலில் பெட்டி ஒன்றுகூட இல்லை, எல்லாம் எங்கேயோ போயிருந்தன. போர்மேன் சிரித்த முகமாகப் பக்கத்தில் நின்றார். குருவம்மாவைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது.

“யாரும்மா நீ?” என்றார் ஆபீசர். அவர் கண் அவளுடைய வெள்ளிக் கையில் விழுந்து, காட்டுப்பக்கம் ஒருமுறை போய்த் திரும்பியது. “ஆடு மேய்க்க வந்தியா?”

அதட்டலே இல்லாத குரல். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவருடைய காகிதத்தில் நாலு பேர் நாலு பேராகவே இருப்பார்கள், சாப்பாட்டு நேரத்துக்குள் ஜீப் சாத்தூர் போய்விடும்.

“ஆமா சார், ஆடுதான், ஆடுதான்,” என்றார் போர்மேன்.

“ஆடு இல்ல சார்,” என்றாள் குருவம்மா. “இருவது வருசமா இந்த ரூம்லதான் இருக்கேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். இப்ப எண்ணுங்க.”

உடம்பில் உள்ள மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதைக் குனிந்து தொட்டாள். உள்ளே இருந்த நாலு பேரையும் கடந்து கடைசிச் சுவரோரம் போனாள். சுவரில் எழுதியிருந்ததற்கு நேர் கீழே, தன் இடத்தில், ஐந்தாவது ஆளாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.